ஏரிக்கரை அடுப்பு

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பொழுது புலர்ந்து சிறிது நேரத்திற்கெல்லாம் நாம் சேத்தியாத்தோப்புக் கூட்டுரோட்டில் பேருந்துக்காகக் காத்து நின்றோம். சென்னையிலிருந்து கும்பகோணம் செல்லும் சாலையும், விருத்தாசலத்திலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையும் கூடுமிடம் அது. சாலையோரத்தில் சாக்கை விரித்து மூதாட்டி ஒருவர் மீன் விற்றுக்கொண்டிருந்தார். ஈரச்சாக்கு மூடிய அன்னக்கூடையில் விரால் நான்கைந்து, கெண்டை கொஞ்சம், ஜிலேபிக் கெண்டை ஒரு குவியல். வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் என்பது நினைவுக்கு வந்தது. விராலைக் கையிலெடுத்து, "கண்ணு மங்கியிருக்கே ஆயா, நேத்துப் புடிச்சதுதானே?" என்றோம்.

"இல்ல தம்பி, விடியக்காத்தால ஏரியில எடுத்தது. செவுளைப் பாரு" என்று அவர் செவுளைத் தூக்கிக் காட்டினார். செக்கச் செவேலென்றிருந்தது. எனினும் பேரத்தை விட்டோமில்லை. முப்பது ரூபாய் குறைத்த பின்னரே பணத்தை நீட்டினோம். மீனைப் பையிலிட்டுத் தரும்போது அந்த அம்மையார் யாரிடமும் சொல்லாதவர்போல் சொன்னார்: "ராத்திரி பூராவும் வலையில ஒண்ணும் விழல. விடியறப்ப விழுந்ததுதான் இது."

பேருந்தில் அமர்ந்த பிறகே அச்சொற்கள் நெஞ்சில் தைத்தன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இராயப்பர் நம் ஆண்டவரிடம் முறையிட்டதும் இதுவேயன்றோ? இரவெல்லாம் உழைத்தும் ஒன்றும் அகப்படவில்லை என்று அவர் சொன்னதை லூக்காஸ் தம் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் எழுதி வைத்துள்ளார். அப்பகுதியைக் கோவிலில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். சாலையோரத்தில் அதையே கேட்டபோதோ முப்பது ரூபாயைக் குறைத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். இக்கட்டுரை எழுத நேர்ந்தது அவ்வுறுத்தலினால்தான்.

மீன்பிடிப்பு என்றதும் நாம் கடலையே நினைக்கிறோம். முத்துக்குளித்துறையும் கோட்டாறும் கட்டுமரமும் அலையும் நம் கண்முன் தோன்றுகின்றன. வயல்சூழ்ந்த உள்நாட்டில் வாழும் நம் மக்கள், மறையுரையில் மீனவரைப் பற்றிக் கேட்கும்போது அது யாரோ கரையோர மக்களைப் பற்றிய செய்தி என்றே எண்ணிவிடுகின்றனர். உண்மையோ வேறு. கலிலேயக் கடல் என்று நாம் வழங்குவது கடலே அன்று, நன்னீர் ஏரி. லூக்காஸ் அதனைக் கெனசரேத்து ஏரி என்றே அழைக்கிறார். நீளம் சுமார் 21 கிலோமீட்டர். மிகுந்த அகலம் 13 கிலோமீட்டர். கடல் மட்டத்திற்கு 200 மீட்டருக்கும் கீழே, குன்றுகளுக்கிடையில் கிண்ணம் போலக் கிடப்பதால் திடீரெனக் காற்று இறங்கிக் கொந்தளிக்கும். அதனால்தான் கடல் என்ற பெயர் நிலைத்தது போலும்.

சேத்தியாத்தோப்பு மக்களுக்கு ஏரியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டுவதில்லை. ஊரையடுத்தே வீராணம் கிடக்கிறது. 14 கிலோமீட்டருக்கும் கூடிய நீளம். பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் அமைந்த ஏரி. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக நீர் வருகிறது. மிகுந்த நீர் வெள்ளாற்றில் விழுந்து, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைக் கடந்து, பரங்கிப்பேட்டையருகே வங்கக் கடலில் கலக்கிறது. 2004 முதல் இதே ஏரியின் நீர் சென்னை மக்களின் தாகத்தையும் தீர்த்து வருகிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் ஏரி வறண்டு தரை வெடித்துக் கிடப்பதையும் கண்டிருக்கிறோம். இராயப்பரும் பெலவேந்திரரும் வீசியது இத்தகையதோர் ஏரியில்தான். அவர்கள் பிடித்ததும் சுறாவும் வஞ்சிரமும் அல்ல. கெண்டையினமும் ஜிலேபியினமும் பொடிமீனுமே.

ஜிலேபிக் கெண்டையைப் பற்றி ஒரு வார்த்தை. இன்று நம் குளங்களில் நிறைந்திருக்கும் இவ்வினம் ஆப்பிரிக்காவினின்று வந்தது. 1952-ல் இந்தியாவிற்குக் கொணரப்பட்டது. வந்த இடமெல்லாம் பெருகி நாட்டு மீன்களை நெருக்கிவிட்டது என்று மீன்நூலார் குறை கூறுவதுண்டு. கலிலேய ஏரியில் இதன் நெருங்கிய உறவினமொன்று உண்டு. புனித பூமிக்குச் செல்லும் யாத்திரிகருக்கு அதனை 'இராயப்பர் மீன்' என்று பெயர் சொல்லிப் பொரித்துப் பரிமாறுகின்றனர். வரி செலுத்துவதற்காக இராயப்பர் தூண்டிலிட்டுப் பிடித்த மீனின் வாயில் நாணயம் இருந்தது என்று மத்தேயு கூறும் நிகழ்ச்சியே அப்பெயருக்குக் காரணம். ஆயினும் ஜிலேபியினம் பெரும்பாலும் பாசியுண்ணும். தூண்டில் இரையை எளிதில் கவ்வாது. ஆதலால் அன்று அகப்பட்டது வேறொரு கெண்டையாகலாம் என்பர் அறிந்தோர். அது எவ்வாறாயினும், நம் ஊர் ஜிலேபியிடம் வியக்கத்தக்க குணமொன்றுண்டு. தாய்மீன் முட்டைகளைத் தன் வாயிலேயே அடைகாக்கிறது. குஞ்சுகள் பொரிந்து வெளிவரும்வரை ஏறத்தாழ உணவின்றியே இருக்கிறது. வீட்டிலுள்ள அனைவரும் உண்டெழுந்த பின், சட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் குழம்பில் சோற்றைப் பிசைந்து உண்ணும் நம் அன்னையரை இம்மீன் நினைவூட்டுகிறது. பாராட்டாக மட்டும் இதனைச் சொல்லவில்லை. மீனுக்கு அது இயற்கை. நம் இல்லத்துத் தாய்க்கோ நாம் விதித்த வழக்கம். நடுத்துண்டு தகப்பனுக்கு, வால் துண்டு பிள்ளைக்கு, தலை மாமியாருக்கு என்று பங்கிட்ட பிறகு தாய்க்கு எஞ்சுவது என்ன என்று எந்த வீட்டிலாவது கேட்கப்படுகிறதா?

வலைகளைப் பற்றியும் நற்செய்தியாளர் நன்கறிந்தே எழுதியுள்ளனர். ஆண்டவர் அழைத்தபோது இராயப்பரும் பெலவேந்திரரும் வீசிக்கொண்டிருந்தது வீச்சு வலை. விண்ணரசின் உவமையில் வருவது கரைக்கு இழுத்து வரும் பெரிய இழுவலை. இரவில் விரித்து, காலையில் அலசி உலர்த்தும் வலை இன்னொரு வகை. அக்கால வலைகள் சணல் இழையால் ஆனவை. பகலில் மீன் அவற்றைக் கண்டு விலகிவிடும். ஆகையால்தான் இரவு மீன்பிடிப்பு. இன்று நம் ஏரிகளில் பயன்படும் தங்கூசி வலை நீரில் கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் வலை கிழிவது மட்டும் அன்றும் இன்றும் ஒன்றே. செபெதேயுவின் மக்கள் யாகப்பரும் அருளப்பரும் அழைக்கப்பட்டபோது படகில் அமர்ந்து வலையைச் சீர்படுத்திக்கொண்டிருந்தனர்.

சீர்படுத்துதல் என்று இவ்விடத்தில் மத்தேயு ஆளும் கிரேக்கச் சொல்லைப் புனித சின்னப்பர் வேறோரிடத்தில் எடுத்தாளுகிறார். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத் தொடக்கத்தில், குற்றத்தில் அகப்பட்ட சகோதரனைச் சாந்தத்தோடு திருத்துமாறு சொல்லும்போது அதே வினைச்சொல் வருகிறது. வலை பொத்துகிறவரைப் பார்த்திருப்பவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். அறுந்த கண்ணியை அவர் வெட்டியெறிவதில்லை. கிழிந்த இடத்தைக் கால்விரலில் மாட்டி விரித்துப் பிடித்து, இருபுறமும் நல்ல கண்ணி எங்கே தொடங்குகிறதெனப் பார்த்து, அங்கிருந்து முடிச்சிட்டு வருவார். இழுத்துப் பிடித்தால் மேலும் கிழியும். தளர விட்டால் ஓட்டை விழும். குடும்பத்தில் தடம் மாறிய மகனையோ, கணவனோடு பிணங்கி வந்த மகளையோ நாம் எவ்வாறு நடத்துகிறோம் என்பதை இவ்விடத்தில் வாசகர்கள் தாமே எண்ணிப் பார்க்கட்டும்.

1986-ம் ஆண்டு சனவரியில், மழையின்றிக் கலிலேய ஏரி வற்றியிருந்தபோது, சேற்றில் புதைந்திருந்த படகொன்றை உடன்பிறந்தார் இருவர் கண்டெடுத்தனர். ஆராய்ந்தவர்கள் அது நம் ஆண்டவர் வாழ்ந்த நூற்றாண்டை ஒட்டியது என்றனர். ஏறக்குறைய எட்டு மீட்டர் நீளம். அதில் ஆண்டவர் ஏறியிருந்தார் என்று சொல்ல எவ்விதச் சான்றுமில்லை. அவ்வாறு சொல்வதும் முறையன்று. நம்மைக் கவர்ந்தது வேறொன்று. அப்படகில் பத்துக்கும் மேற்பட்ட வகை மரங்கள் இருந்தன. உடைந்த இடத்திலெல்லாம் கிடைத்த பலகையை வைத்து ஒட்டியிருக்கின்றனர். புது மரம் வாங்க வசதியற்ற எவரோ தம் படகைத் திரும்பத் திரும்பச் செப்பனிட்டு ஓட்டியிருக்கின்றனர்.

இனி உணவுக்கு வருவோம். ஐயாயிரம் பேருக்கு ஆண்டவர் உணவளித்த நிகழ்ச்சியில், ஒரு சிறுவனிடமிருந்த ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் பெலவேந்திரர் சுட்டிக் காட்டுகிறார். நால்வருள் அருளப்பர் மட்டுமே அவை வாற்கோதுமை அப்பம் என்று குறிப்பிடுகிறார். வாற்கோதுமை அந்நாட்டில் ஏழைகளின் தானியம். நம் பக்கத்தில் கம்பும் கேழ்வரகும் இருந்தது போல. மீனுக்கு அவர் எழுதும் சொல்லும் உற்று நோக்கத்தக்கது. ரொட்டியோடு சேர்த்துண்ணும் சிறு பண்டம் என்பதே அதன் அடிப்பொருள். தமிழில் நமக்கு அதற்குரிய அழகிய சொல் உண்டு: தொடுகறி. பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள அம்மா கட்டிக் கொடுத்த கருவாட்டுத் துண்டு என்று வைத்துக்கொண்டால் அச்சிறுவன் நம் தெருப் பிள்ளையாகிவிடுகிறான்.

கருவாடு என்றது வெறும் கற்பனையன்று. கலிலேய ஏரிக்கரையில் மகதலா என்னும் ஊர் இருந்தது. மகதலா மரியம்மாளின் ஊர். மீனை உப்பிட்டுப் பதப்படுத்தும் இடம் என்று பொருள்படும் கிரேக்கப் பெயராலும் அவ்வூரைக் குறிப்பிட்டனர் என்பது அறிஞர் பலரின் கருத்து. நம் மொழியில் சொன்னால் கருவாட்டூர்! உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்ட புனிதை அத்தகைய ஊரினர். பரங்கிப்பேட்டையிலும் கடலூரிலும் கருவாட்டுக் கூடையோடு பேருந்தில் ஏறும் பெண்களைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொள்பவர்கள் இதனைச் சற்றே சிந்திப்பார்களாக. 'பூமிக்கு உப்பு' என்னும் உருவகத்தை ஆண்டவர் கையாண்டபோது, கேட்டவர்கள் மனத்தில் தோன்றிய காட்சிகளுள் மீனுக்கு உப்பிடும் கைகளும் இருந்திருக்கும்.

அனைவரும் உண்டு நிறைந்தபின், மிஞ்சிய துணிக்கைகளைச் சேர்த்து வைக்குமாறு ஆண்டவர் பணித்தார். வெறுங்கையால் ஐயாயிரவருக்குப் படைக்க வல்லவர், கீழே கிடந்த துண்டுகளைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? நம் கலியாண மண்டபங்களின் பின்புறத்தில் குவியும் இலைகளைப் பார்க்கும்போதெல்லாம் இக்கேள்வி எழுகிறது. சேத்தியாத்தோப்பிலிருந்து வடக்கே செல்லும் சாலையில் வடலூர் இருக்கிறது. அங்கே இராமலிங்க அடிகளார் 1867-ம் ஆண்டு மே 23-ம் நாள் தருமச்சாலையைத் தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது எரிகிறது, வருவோர்க்கெல்லாம் உணவளிக்கப்படுகிறது. புலால் மறுத்த அவ்வடிகளாரின் ஊர்ப் பக்கத்தில் அமர்ந்து மீன்குழம்பைப் பற்றி எழுதுவது சற்றே கூச்சமளிக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறோம். எனினும் பசித்தவனிடம் யார், எந்தக் குலம் என்று கேளாமல் சோறிடும் அந்த அடுப்பின் முன் நாம் கற்க வேண்டியது நிறைய உண்டு.

அடுப்பு என்றதும் நம் உள்ளம் அருளப்பரின் இருபத்தோராம் அதிகாரத்திற்குச் செல்கிறது. உயிர்த்த ஆண்டவர் திபேரியா ஏரிக்கரையில் நிற்கிறார். சீடர் எழுவர் இரவெல்லாம் வலை வீசி ஒன்றும் பெறாமல் விடியலில் திரும்புகின்றனர். வலப்புறம் வீசச் சொல்கிறார், வலை நிறைகிறது. கரையேறி வந்தவர்கள் கண்டது என்ன? கரி நெருப்பு மூட்டியிருந்தது, அதன்மேல் மீன் வெந்துகொண்டிருந்தது, அப்பமும் இருந்தது. சாவை வென்று எழுந்தவர் ஏரிக்கரையில் அடுப்பு மூட்டி, களைத்து வருபவர்களுக்குக் காலையுணவு சமைத்திருக்கிறார்! இராயப்பரின் மாமியார் காய்ச்சல் நீங்கியதும் எழுந்து பணிவிடை செய்ததை நாம் பெண்களுக்குச் சொல்லத் தவறுவதில்லை. ஆண்டவர் சமைத்ததை ஆண்களுக்கு யாரும் சொல்லக் கேட்டதில்லை.

கரி நெருப்பு என்னும் சொல் அருளப்பர் நற்செய்தியில் இருமுறைதான் வருகிறது. முதலில், தலைமைக் குருவின் முற்றத்தில், இராயப்பர் குளிர்காய்ந்துகொண்டே ஆண்டவரை அறியேன் என்று மும்முறை மறுதலித்த இடத்தில். அடுத்து இவ்வேரிக்கரையில். அந்தப் புகை நாசியில் ஏறியபோது இராயப்பர் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்! ஆண்டவரோ அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. முதலில் உண்ணச் சொல்கிறார். வயிறு நிறைந்த பின்னரே, அன்பு செய்கிறாயா என்று மும்முறை கேட்கிறார். நம் வீடுகளில் பெரும்பாலும் வரிசை மாறிவிடுகிறது. பிழை செய்த பிள்ளை இலையில் அமர்ந்தவுடன் தொடங்குகிறோம் விசாரணையை. அவன் பாதிச் சோற்றில் எழுந்து போகிறான். கறி ஆறிப் போகிறது. தாய் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

அன்று அகப்பட்ட மீன்கள் 153 என்று எண்ணிச் சொல்கிறார் அருளப்பர். ஒன்று முதல் பதினேழு வரையுள்ள எண்களைக் கூட்டினால் இத்தொகை வரும் என்று கண்டு, புனித அகுஸ்தீனார் அதற்கு ஆழ்ந்த விளக்கமளித்துள்ளார். அறிஞர் பெருமகனின் கணக்கை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும் ஏரிக்கரையில் நின்று பார்த்தவர்களுக்கு எளியதொரு காரணமும் தோன்றும். மீனவர் எண்ணுவது பங்கு பிரிப்பதற்கே. படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, இறங்கினவர்களுக்கு ஆளுக்கொரு பங்கு. செபெதேயுவின் மக்கள் இராயப்பருக்குப் பங்காளிகள் என்றே லூக்காசும் எழுதுகிறார். நம் தமிழ்த் திருச்சபையில் ஒரு குருவின் பொறுப்பிலுள்ள இறைமக்களைப் 'பங்கு' என்று அழைக்கிறோம். எந்தப் பங்கு என்று ஒருவரையொருவர் கேட்கும்போது, கிடைத்ததைப் பகிர்ந்துகொள்பவர் என்னும் பொருள் அதில் ஒளிந்திருப்பது நம் நினைவுக்கு வருவதில்லை.

இந்த இடத்தில் மனத்தை வருத்தும் செய்தியொன்றைச் சொல்லியாக வேண்டும். இழுவலை உவமையில் மீனவர் கரையில் அமர்ந்து நல்லவற்றைக் கூடையில் சேர்த்துத் தகாதவற்றை எறிகின்றனர். யூதச் சட்டப்படி துடுப்பும் செதிலும் இல்லாத மீன் விலக்கப்பட்டது. ஆகவே செதிலற்ற கெளுத்தியினத்தைக் கலிலேய மீனவர் எறிந்துவிடுவர். நம் வீட்டில் குழம்புக்கு ருசியென்று தேடி வாங்கும் கெளுத்தியை இராயப்பர் கைநிறைய அள்ளி அள்ளி வீசியிருப்பார். இளமை முதல் பழகிய கை அது: இது சுத்தம், அது அசுத்தம். அந்தக் கையைத் திருத்துவதற்கு இறைவன் ஓர் உணவு வேளையையே தேர்ந்துகொண்டார். அப்போஸ்தலர் பணி நூலின் பத்தாம் அதிகாரத்தில், யோப்பா ஊர் மாடியில், நண்பகலில், பசியோடு சமையலுக்குக் காத்திருக்கும் இராயப்பருக்கு ஒரு காட்சி. நான்கு முனையும் கட்டி வலைபோல் இறங்கும் விரிப்பு. அதில் எல்லாவித உயிர்களும். உண்ணச் சொல்லும் குரலுக்கு இவர் மறுப்புரைக்கிறார். இறைவன் தூய்மையாக்கியதைத் தீட்டென்று சொல்லலாகாது என்று விடை வருகிறது. பின்னர் செசரியா சென்று புறவினத்தவரான கொர்னேலியுவின் வீட்டில் தங்குகிறார்.

பிரித்தெறியும் பழக்கம் அத்துடன் ஒழிந்ததா? இல்லை. அந்தியோக்கியாவில் புறவினத்துக் கிறிஸ்தவர்களோடு ஒன்றாயமர்ந்து உண்டுவந்த அதே இராயப்பர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து பந்தியை விட்டு விலகிவிட்டார். சின்னப்பர் அவரை எல்லார் முன்பாகவும் முகத்துக்கு நேரே கண்டித்ததைக் கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் காண்கிறோம். திருச்சபையின் முதல் தலைவர் சறுக்கியது எந்த மறைபொருளிலும் அன்று, சோற்றுப் பந்தியில்!

தமிழில் 'பந்தி வஞ்சனை' என்றொரு சொல் உண்டு. ஒரே பந்தியில் ஒருவருக்கு ஒன்றும் மற்றவருக்கு வேறொன்றுமாகப் பரிமாறும் கீழ்மையைக் குறிக்கும். நம் முன்னோர் இதனைப் பாவமென்றே எண்ணினர். நாமோ பந்தியே வேறு, தெருவே வேறு, சில ஊர்களில் கல்லறையும் வேறு என்று ஆக்கிவிட்டோம். ஒரே நற்கருணையை உட்கொண்டு வெளியே வந்தவர்கள், திருவிழாச் சோற்றுக்குத் தனித்தனி வரிசையில் அமர்ந்ததை நம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். நாமும் நமக்குரிய வரிசையில் அமர்ந்து வயிறார உண்டு, வாய்திறவாமல் எழுந்து வந்தோம் என்பதையும் மறைக்கவில்லை. 2003-ம் ஆண்டு நவம்பர் 17-ம் நாள், தமிழ்நாட்டு ஆயர்கள் உரோமையில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரைச் சந்தித்தபோது, சாதி வேற்றுமையின் சாயல்கூட மனித ஒருமைப்பாட்டிற்கும் உண்மையான ஆன்மீகத்திற்கும் எதிரானது என்று அவர் எடுத்துரைத்தார். அந்த ஆயர்களுள் நம் புதுவை-கடலூர் மாநிலத்தவரும் இருந்தனர். திருத்தந்தை பேசி ஆண்டுகள் இருபதுக்கு மேல் ஆகின்றன. நம் வீட்டுத் திண்ணையில் களையெடுப்பவளுக்குத் தனிக் குவளை இருக்கிறதா இல்லையா என்பதை அவர் வந்து பார்க்க இயலாது. நாமே பார்க்க வேண்டும்.

ஆண்டவரின் பந்தி எவ்வாறிருந்தது என்பதற்கு மத்தேயுவே சாட்சி. கப்பர்நகூமில் சுங்கத்துறையில் அமர்ந்திருந்தவர் அவர். ஏரியோர ஊர்; ஆயக்காரருக்குச் செலுத்தியவர்களுள் மீனவரும் இருந்திருப்பர் என்பது அறிஞர் கருத்து. நம் பக்கத்து ஏரிகளின் மீன்பாசி ஏலத்தை அறிந்தவர்களுக்கு, ஏலமெடுத்தவனுக்கும் வலை போடுகிறவனுக்கும் இடையிலுள்ள மனக்கசப்பு தெரியாததன்று. அத்தகைய ஆயக்காரனை அழைத்து, அவன் வீட்டிலேயே பந்தியில் அமர்ந்து, மீனவரான தம் சீடரையும் உடன் அமர்த்தினார் ஆண்டவர். அன்று இராயப்பருக்குச் சோறு தொண்டையில் இறங்கியிருக்குமா என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

இறுதியாகச் சுத்தபோசனம். நம் பாட்டிமார் காலத்தில் ஒருசந்தியும் சுத்தபோசனமும் கடுமையாக அனுசரிக்கப்பட்டன. 1966 பெப்ரவரி 17-ல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் தவமுயற்சி பற்றிய ஒழுங்குகளைத் திருத்தியமைத்தார். 1983-ல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பும், வெள்ளிக்கிழமையை இறைச்சி தவிர்க்கும் நாளாக நிலைநிறுத்தி, அதற்கீடாகப் பிறரன்புச் செயல்களையும் பக்தி முயற்சிகளையும் வகுக்க அந்தந்த நாட்டு ஆயர் பேரவைக்கு இடமளிக்கிறது. இறைச்சி விலக்கு, மீன் கூடும். அக்காலத்தில் நீரோரத்து எளியவர்களின் உணவு அது. இன்றோ விராலின் விலை கோழியின் விலையைத் தாண்டி நிற்கிறது. நாம் அன்று வீட்டுக்குக் கொண்டுபோன விராலைச் சாம்பலிட்டுத் தேய்த்து, வழுவழுப்புப் போகக் கழுவி, மண்சட்டியில் புளி கரைத்துக் குழம்பு வைத்தாள் இல்லாள். பிள்ளைகள் வாசனை பிடித்து ஓடி வந்தனர். "இன்னிக்குச் சுத்தபோசனம்னு சொன்னீங்க, விருந்து மாதிரியில்ல இருக்கு!" என்றான் இளையவன். யாரும் பதில் சொல்லவில்லை. முப்பது ரூபாயைப் பற்றி இல்லாளிடம் சொன்னபோது, "அந்த ஆயா வீட்ல இன்னிக்கு என்ன கொழம்போ" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அதே இடத்திற்குச் சென்றோம். அன்று விரால் இல்லை. பொடிக்கெண்டையும் கொஞ்சம் கருவாடும் இருந்தன. சொன்ன விலையைக் கொடுத்து, மேலும் முப்பது ரூபாயை வைத்தோம். எதற்கென்று கேட்டார், போன வாரத்துப் பாக்கி என்றோம். "பேரம் பேசி வாங்குனது பாக்கியாவுமா தம்பி?" என்று சிரித்துப் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, கொசுறாக ஒரு கை கருவாட்டை அள்ளிப் பையில் போட்டார். "புள்ளைங்களுக்கு."

பிறகு கூடையின் பின்னாலிருந்து தூக்குச்சட்டியை எடுத்துத் திறந்தார். நீராகாரத்தோடு பழைய சோறு. மூடியில் நேற்றைய மீன்குழம்பு. அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பியவருக்கு அதுதான் முதல் உணவாம். "குந்து தம்பி, ரெண்டு வாய் சாப்புடு" என்று மூடியை நம் பக்கம் நகர்த்தினார். நம் பேருந்து வந்து நின்றது. நடத்துநர் விசிலடித்தார். சாலையில் தெரிந்தவர்கள் இரண்டொருவர் போய்க்கொண்டிருந்தனர். நாம் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாக்கின் ஒரு முனையில் அமர்ந்தோம். குழம்பு நன்றாகப் புளித்திருந்தது.